நீர்த் தாவரத் தொட்டிக்கு ஏற்ற விளக்கு

பெங்களூரு நகரின் வீதிகளில் மின்விளக்கு முதன்முதலாக 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் ஒளிர்ந்தது. சிவசமுத்திரத்தில் காவிரி நீரின் வீழ்ச்சியைக் கொண்டு 1902-ஆம் ஆண்டு முதல் உற்பத்தி செய்யப்பெற்ற மின்சாரமே அதற்குப் பயன்பட்டது. அவ்வாறு நீரினின்று ஒளியைப் பெற்ற நகரத்தில் இன்று பல இல்லங்களிலும் பள்ளிகளிலும் அதே மின்னொளி மீண்டும் நீருக்கு வழங்கப்படுகின்றது. கப்பன் பூங்காவில் 1983-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அரசாங்க மீன் காட்சிசாலையைக் கண்ட மாணவர், தம் பள்ளியிலும் ஒரு தொட்டி வேண்டும் எனக் கேட்பது இயல்பே. அத்தொட்டியில் தாவரங்களும் செழிக்க வேண்டுமாயின், எத்தகைய விளக்கை அமைப்பது என்னும் வினா எழுகின்றது. மின்கட்டணம் மட்டுமன்றி மீன்களின் உயிரும் இவ்வினாவின் விடையைச் சார்ந்துள்ளது.

தாவரமும் மீனும்

1849-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், ஒரு தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்த் தாவரத்தையும் வளர்த்தார். மீன் வெளியிடும் கரியமில வாயுவைத் தாவரம் ஏற்று, ஒளியின் துணையால் பிராணவாயுவை வெளியிட்டது. எனினும் வாடிய இலைகள் அழுகி நீரைக் கெடுக்கத் தொடங்கின. அவற்றை உண்ணும் நத்தைகளை விட்ட பின்னரே தொட்டி நிலைபெற்றது.

இதனின்று இரண்டு உண்மைகள் விளங்கும். ஒளியுள்ள வரையில்தான் தாவரம் பிராணவாயுவை அளிக்கும். இரவில் அதுவும் மீனைப் போலவே அதனைச் செலவிடும். ஒளி போதாமல் தாவரம் மடியுமாயின், அது அழுகும்போது எஞ்சிய பிராணவாயுவும் தீர்ந்துவிடும். ஆகவே தொட்டியிலுள்ள மீன்கள் பொழுது புலரும் வேளையில் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து மூடுமாயின், அதனை எச்சரிக்கையாகக் கொள்ளுதல் வேண்டும்.

பெங்களூருவுக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. கடல்மட்டத்தில் 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர், லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைக்கும். இந்நகரோ கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவதால், கரையும் பிராணவாயுவும் அதே அளவு குறைகின்றது. நீர் சூடேறினால் அது மேலும் குறையும். எனவே வெப்பத்தை மிகுதியாக வெளியிடும் விளக்கு இங்கு இருவகையில் தீங்கானது.

மூவகை விளக்குகள்

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். எளிதில் வளரும் தாவரங்களுக்கு லிட்டர் ஒன்றுக்கு 20 லூமென் ஒளி போதும் என்பது தொட்டி வளர்ப்போரின் அனுபவக் கணக்கு. ஆக 1,000 லூமென் தேவை. நாளொன்றுக்கு 8 மணி நேரம் விளக்கெரிவதாகக் கொண்டு மூவகை விளக்குகளையும் ஒப்பிட்டுக் காண்போம்.

குமிழ் விளக்கு வாட் ஒன்றுக்குச் சுமார் 13 லூமென் தருவதாகும். இதற்கு 80 வாட் அளவு வேண்டும். ஆண்டுச் செலவு 234 யூனிட். மின்சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. 18 வாட் குழல் விளக்கு, பழைய வகைச் சோக்கின் இழப்பையும் சேர்த்து 27 வாட் கொள்ளும். ஆண்டுச் செலவு 79 யூனிட். அதன் ஒளி எத்திசையிலும் பரவுவதால் ஒரு பகுதி மேல்மூடியிலேயே தங்கிவிடும். வாட் ஒன்றுக்கு 100 லூமென் தரும் எல்.இ.டி. விளக்கிற்கு 10 வாட் போதும். ஆண்டுச் செலவு 29 யூனிட். ஒளியும் நேரே கீழ்நோக்கிப் பாய்கின்றது. குமிழ் விளக்கை நீக்கி இதனை அமைத்தால் ஆண்டுக்கு 205 யூனிட் மிச்சமாகும். யூனிட் ஒன்று 7 ரூபாய் எனக் கொண்டால் இது 1,435 ரூபாயாகும்.

லூமென் என்பது மனிதக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அளவே என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பச்சையம் சிவப்பு, நீல நிறங்களையே மிகுதியாக ஏற்கின்றது என்பதை எங்கெல்மான் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1880-களில் சோதனையால் காட்டினார். சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கில் இந்நிறங்கள் போதிய அளவில் உள்ளன. ஆதலின் மிகுந்த விலை கொடுத்து ஊதா நிற விளக்குகளை வாங்க வேண்டுவதில்லை.

வகுப்பறைச் சோதனை

எந்த விளக்கு சிறந்தது என்பதை மாணவரே கண்டறியலாம். ஹைட்ரில்லாக் கிளைகளைக் கண்ணாடிப் புனலால் மூடி, அதன்மீது நீர் நிரம்பிய சோதனைக் குழாயைக் கவிழ்த்து, நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைச் சேர்க்க வேண்டும். ஒரே வாட் அளவுள்ள இரு விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொலைவில் வைத்து, ஐந்து நிமிடம் கழித்து நிமிடத்திற்கு எத்தனை குமிழிகள் எழுகின்றன என எண்ணுதல் வேண்டும். நீரின் வெப்பம் மாறாதிருத்தல் அவசியம். பின்னர் விளக்கைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தால் குமிழிகள் பெருகும். ஒரு நிலைக்கு மேல் அவை பெருகாவிடில், அங்குக் குறையாயிருப்பது ஒளியன்று, பெரும்பாலும் கரியமில வாயுவே என்பது விளங்கும். தொட்டியிலும் அந்நிலைக்கு மேற்பட்ட ஒளி பாசி பெருகுவதற்கே இடந்தரும்.

ஆகவே புதிய தொட்டிக்கு முதலில் நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஒளி தந்து, தாவரம் வேரூன்றிய பின் 8 மணியாக உயர்த்துவது நன்று. கண்ணாடியில் பச்சைப் படலம் படிந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும். தொட்டியை நேர்வெயில் படும் சன்னலருகே வைத்தலாகாது. மின்கம்பி, செருகுமிடத்திற்குக் கீழே வளைந்து தொங்கி அதன்பின் மேலேறுமாறு அமைத்தால், வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். நீரில் கையிடுமுன் மின்தொடர்பைத் துண்டித்தல் இன்றியமையாதது.

தொட்டியும் ஏரியும்

2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்து மிதந்தன. நீரில் பிராணவாயு குறைந்ததே காரணமெனக் கூறப்பட்டது. கழிவுநீர் கலக்கும் ஏரியில் ஆகாயத்தாமரை படரும்போது, ஒளி நீருக்குள் புகாது, அடியிலுள்ள தாவரம் மடியும், அழுகல் பெருகும், மீன்கள் மூச்சின்றி மாளும். ஐம்பது லிட்டர் தொட்டியில் விளக்கை ஒழுங்குபடுத்தக் கற்ற மாணவர், தம் ஊர் ஏரியின் நோயையும் அறியும் ஆற்றல் பெறுவர். களப்பணியாளர் ஏரிக்கரை மக்களுக்கு இதனை விளக்கிக் கூறுவதற்கும் அத்தொட்டியே தக்க கருவியாகும். அதிலுள்ள தாவரத்தையும் மீனையும் ஒருபோதும் ஏரியில் விடலாகாது என்பதையும் அவ்வேளையில் எடுத்துரைத்தல் நலம்.