செர்டோலி செல்லுக்குள் ஏற்பிகளின் பயணம்

விந்தகத்தில் வளரும் விந்தணுக்களைப் போஷிப்பவை செர்டோலி செல்கள். இத்தாலியரான என்ரிகோ செர்டோலி 1865-இல் இவற்றை விவரித்தார். விந்தணுவாக வளரும் செல்கள் ஹார்மோன்களின் கட்டளையை நேரடியாகப் பெறுவதில்லை. செர்டோலி செல்களே ஏற்பிகள் மூலம் அதை வாங்குகின்றன.

டெஸ்டோஸ்டிரோன் ஏற்பி, ஹார்மோன் வரும்வரை பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில், துணைப் புரதங்களின் பிடியில் இருக்கும். ஹார்மோன் பற்றியதும் பிடி தளர்ந்து, உட்கருவுக்குள் புகுந்து, டிஎன்ஏவில் அமர்ந்து மரபணுக்களை இயக்கும். ஒரு சிறு பங்கு செல்சவ்வுக்குச் சென்று விரைவான சமிக்ஞைகளையும் தூண்டுகிறது.

பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனின் ஏற்பி செல்சவ்விலேயே காத்திருக்கிறது. ஹார்மோன் சேர்ந்ததும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் தூது மூலக்கூறு பெருகும். பிறகு ஏற்பி சிறு பைகளில் உள்ளிழுக்கப்படும். பெரும்பகுதி மீண்டும் சவ்வுக்குத் திரும்பும், எஞ்சியது சிதைக்கப்படும். ஓயாத தூண்டலால் செல் மரத்துப்போகாமல் காப்பது இந்தப் போக்குவரத்துதான்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என்.ஆர். மௌட்கல் குழுவினர், தென்னிந்தியா எங்கும் திரியும் நாட்டுக் குரங்குகளில் எஃப்எஸ்ஹெச்சை எதிர்ப்பொருள்களால் முடக்கிப் பார்த்தனர். டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை, விந்தணு உற்பத்தி மட்டும் சரிந்தது. ஆண்களுக்கான கருத்தடை ஆய்வுக்கு அது வழி திறந்தது.