கரையோர மூலிகைகள் – 9: காசிமேட்டு வலியும் நொச்சி இலையும்

காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம் பக்கத்து மெடிக்கலில் நின்றால் இந்தக் குரல் காதில் விழும்: “அண்ணே, ஒடம்பு வலிக்கு ரெண்டு செட் குடு.” சீட்டு கிடையாது. வலை இழுத்த தோள், ஐஸ் பெட்டி தூக்கிய இடுப்பு, எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் கன்டெய்னர் லாரி ஓட்டிய முதுகு. கையில் கிடைக்கும் பொட்டலத்தில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரை ஒன்று அநேகமாக இருக்கும். வலி நிற்கும், மறுநாள் வேலைக்குப் போகலாம். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த மாத்திரை செய்வதை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தசையோ மூட்டோ அடிபட்டால் உடல் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதனால்தான் வீக்கம், சிவப்பு, வலி. ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் அந்தச் சுரப்பையே தடுக்கின்றன என்று 1971-ல் காட்டியவர் ஜான் வேன். 1982-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டி, போதிய தண்ணீர் குடிக்காமல் உழைக்கிறவர் இந்த மாத்திரையைத் தினமும் விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இந்த வாரம் நொச்சியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே.

நொச்சியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோட்டை காத்த வீரர் சூடிய பூ. புறத்திணை ஒன்றுக்கே பெயர் கொடுத்தது. சளிக்கு வேது, மூட்டுக்கு இலையை வதக்கி ஒத்தடம், தலைபாரத்துக்குத் தலையணையில் இலை என்று வீடுகளில் இன்னும் புழங்குகிறது. கொசுவை விரட்டச் சென்னை மாநகராட்சி நொச்சிக் கன்றுகள் கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

இதன் உறவுச்செடி ஒன்று கொரியாவின் கடற்கரை மணலில் படர்ந்து வளர்கிறது. நம் கரையோர நீர்நொச்சியின் ஒரு வகையாகவே தாவரவியலாளர்கள் முன்பு அதைக் கருதினார்கள். அதன் காயைக் காயவைத்து ‘மான்ஹியோங்ஜா’ என்ற பெயரில் தலைவலிக்கும் சளிக்காய்ச்சலுக்கும் கொரிய மருத்துவர்கள் தருகிறார்கள். இரு செடிகளிலும் காஸ்டிசின் என்ற பொருள் உண்டு. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அது தணிப்பதைச் சோதனைக்கூடச் செல்களில் கண்டிருக்கிறார்கள். முதிர்ந்த நொச்சி இலைச் சாறு எலிகளுக்குப் பாத வீக்கத்தையும் வலியையும் குறைத்ததை இலங்கை ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்டார்கள். ஒரே குடும்பத்துச் செடியை, கடல் கடந்த இரண்டு மரபுகள் கிட்டத்தட்ட ஒரே உபாதைகளுக்குப் பயன்படுத்தி வந்திருக்கின்றன என்பது எனக்குப் பெரிய வியப்பு.

எலியின் பாதத்திலிருந்து மனிதனின் மூட்டுக்கு வரும் வழிதான் நீளம். கொரியர்கள் வேறு மூலிகைகளோடு அதில் நடந்து பார்த்தார்கள். ‘ஜாயின்ஸ்’ என்ற மூட்டுவலி மாத்திரை மூன்று மூலிகைகளின் சாறு. அவற்றில் ஒன்று நம் புடலை இனத்துக் கொடியின் வேர். அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, டைக்ளோஃபினாக்கோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு, ஒவ்வொரு மாத்திரையிலும் சாறு ஒரே அளவில் இருக்கும்படி செய்து, மருத்துவர் சீட்டெழுதும் மருந்தாக்கினார்கள். நம்மிடம் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் சித்த மருத்துவத்துக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. நொச்சித் தைலத்தையும் டைக்ளோஃபினாக் ஜெல்லையும் துறைமுகத் தொழிலாளர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு இங்கே நடக்க வேண்டும். பாட்டன் சொன்னான் என்பதே போதும் என்று சொல்வோரோடும், இலைதழை என்று தள்ளுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. இரு தரப்பும் காசிமேட்டுக்காரரைப் பழைய மாத்திரையிடமே விட்டுவிடுகின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்காகக் கொட்டிக் கிடக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஈயமும் ஆர்சனிக்கும் உண்டு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் அங்கே பரவியது. அப்படிப்பட்ட மண்ணில் நிற்கும் செடியின் இலை பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். கொசஸ்தலை ஆற்றோரத்திலோ தொழிற்சாலை மதிலோரத்திலோ மருந்துக்கு இலை பறிக்காதீர்கள். நொச்சிக் குச்சியை நல்ல மண் போட்ட தொட்டியில் நட்டால் தழைத்துவிடும். மாடியில் ஒரு செடி வீட்டுத் தேவைக்குப் போதும். ஒத்தடமாகவும் தைலமாகவும் வெளியே பயன்படுத்துங்கள். உள்ளுக்குச் சாப்பிடுவதைச் சித்த மருத்துவர் சொல்லட்டும். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அதைத் தாமாகத் தொட வேண்டாம். மாதக்கணக்கில் ‘செட்’ வாங்கி விழுங்கியவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: மூக்கிரட்டை.