கேட்காமல் குடியேறும் விருந்தாளி!

பாலாற்றங்கரைப் பள்ளிகொண்டாவில் ரங்கநாதர் படுத்திருப்பது அழகு. வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் அழகா?

2015 ஜூலை 29-ந்தேதி மைக்ரோசாப்ட் கம்பெனி 'விண்டோஸ் 10' கொண்டுவந்தது. கம்ப்யூட்டரை இயக்கும் மூளை இதுதான். பழைய 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு இலவசம் என்றார்கள். இலவசம் யாருக்குக் கசக்கும்? பலருக்குக் கசந்தது! அறிவிப்பை மூடப் பெருக்கல் குறியை அழுத்தினார்கள். 2016-ல் அதுவே சம்மதம் ஆகிவிட்டது. குறித்த நேரத்தில் புதியது தானாகக் குடியேறியது!

கலிபோர்னியாவில் பயண ஏஜென்சி நடத்திய ஒரு பெண்மணி சும்மா இருக்கவில்லை. "நான் கேட்கவே இல்லை, என் தொழில் கெட்டது" என்று கோர்ட்டுக்குப் போனார். ஜெயித்தார். கம்பெனி அப்பீலைக் கைவிட்டு 10 ஆயிரம் டாலர் கொடுத்தது. கெட்டிக்காரி!

2025 அக்டோபர் 14-ந்தேதியோடு விண்டோஸ் 10-க்கும் வழக்கமான பராமரிப்பு முடிந்தது. '11-க்கு மாறுங்கள்' என்று அழைப்பு வருகிறது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது ஏறாது.

மாற்றம் இப்போது வேண்டாமா? 'செட்டிங்ஸ்' திறந்து 'விண்டோஸ் அப்டேட்' போங்கள். விண்டோஸ் 10-ல் 35 நாள்வரை நிறுத்திவைக்கலாம். ஆனால் வைரசைத் தடுக்கும் திருத்தங்களும் அத்தனை நாளும் வராது. அதற்குள் தோல் வியாபாரக் கணக்கு, பிள்ளைகளின் படங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.