போதும் என்று சொன்ன அதிபர்

1927 ஆகஸ்ட் 2. தெற்கு டகோட்டா மாநிலத்தின் ராபிட் சிட்டியில் ஓர் உயர்நிலைப் பள்ளி. கோடைக்கு மலைப்பக்கம் வந்திருந்த அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜ், அந்தப் பள்ளியில்தான் தற்காலிக அலுவலகம் வைத்திருந்தார். நண்பகலில் நிருபர்களை உள்ளே அழைத்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார். 1928 அதிபர் தேர்தலில் நிற்க விரும்பவில்லை என்பதே அதிலிருந்த சேதி. ஆங்கிலத்தில் 12 சொற்கள். வேறேதும் சொல்வதற்கு உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அவர் மனைவி கிரேஸுக்கே இந்த முடிவு தெரியாது. அன்று வீட்டுக்குச் சாப்பிட வந்த செனட்டர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

தோல்விக்குப் பயந்து விலகியவர் அல்ல. நாடு செழிப்பில் இருந்தது, கட்சி அவர் பின்னால் நின்றது. நின்றிருந்தால் அவர் ஜெயித்திருப்பார் என்பதுதான் அன்றைய பொதுக் கணிப்பு. கையில் இருந்த பதவியைப் போதும் என்று வைத்துவிட்டுப் போனவர்கள் எந்த நாட்டு அரசியலிலும் குறைவு. கூலிட்ஜைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது முதலில் இந்தத் துண்டுச் சீட்டுதான்.

அவர் பிறந்தது வெர்மான்ட் மாநிலத்தில், பிளிமத் நாட்ச் என்ற சின்னஞ்சிறு மலைக்கிராமத்தில். 1872 ஜூலை 4, நாட்டின் சுதந்திர நாள். கல்லும் பனியுமான பூமி. அப்பா ஜான் கூலிட்ஜ் மளிகைக்கடை வைத்திருந்தார், விவசாயமும் பார்த்தார். ஊரில் வரி வசூலிப்பதும் அவர் வேலைகளில் ஒன்று. வரி என்று ஒன்று விதித்தால், அதைக் கட்டுவதற்கு யாரோ ஒருவர் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதைச் சிறுவனாக இருந்தபோதே கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டதாகப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். பொருளாதாரப் புத்தகம் எதுவும் அவருக்கு அதற்கு மேல் கற்றுக்கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதில் அம்மா போனார், ஐந்து வருடம் கழித்துத் தங்கை. அவர் அதிகம் பேசாத மனிதராக வளர்ந்ததில் வியப்பில்லை.

வக்கீலாகி, மாசசூசெட்ஸில் நார்தாம்ப்டன் நகர மன்றத்தில் தொடங்கி மேயர், மாநில செனட், துணை ஆளுநர், ஆளுநர் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். 1919-இல் பாஸ்டன் போலீஸ்காரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தபோது, பொதுமக்கள் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்யும் உரிமை யாருக்கும் இல்லை என்று அவர் அனுப்பிய தந்தி நாடெங்கும் பேசப்பட்டது. வேலையிழந்த அந்தப் போலீஸ்காரர்கள் மறுபடி சேர்த்துக்கொள்ளப்படவே இல்லை. அடுத்த ஆண்டே அவர் துணை அதிபர் வேட்பாளர், ஜெயித்துத் துணை அதிபரும் ஆனார்.

1923 ஆகஸ்டில் அதிபர் ஹார்டிங் திடீரென இறந்தபோது கூலிட்ஜ் அப்பா வீட்டில் விடுமுறையில் இருந்தார். வீட்டில் மின்சாரம் கிடையாது, டெலிபோனும் கிடையாது. விடியற்காலை 2.47 மணிக்கு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், நோட்டரியாக இருந்த அப்பாவே மகனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அதிபரானவர் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி தூங்கப் போனார்.

'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று அரசுப் பணத்தை அள்ளி விடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். கூலிட்ஜுக்கு அந்தக் கை வரவில்லை. பட்ஜெட் துறைத் தலைவர் ஹெர்பர்ட் லார்டோடு வாராவாரம் உட்கார்ந்து செலவுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். அரசு ஊழியருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பென்சில். மிச்சத் துண்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து பரிசாக வந்த இரண்டு சிங்கக் குட்டிகளுக்கு வைத்த பெயர்களே 'வரிக் குறைப்பு', 'பட்ஜெட் பீரோ'. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாக்களில் 50-ஐ வீட்டோ செய்தார். முதல் உலகப் போரில் சண்டையிட்டவர்களுக்கான போனஸ் மசோதாவும் அதில் ஒன்று. அதைக் காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது.

நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலனோடு சேர்ந்து உச்ச வருமான வரியை 25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். போர் முடிந்த புதிதில் அது 73 சதவீதம். பெரும்பாலான குடும்பங்கள் வருமான வரி கட்டவே தேவையில்லாமல் போனது. அப்படியும் 1923-இல் சுமார் 2,230 கோடி டாலராக இருந்த தேசியக் கடன் 1929-இல் சுமார் 1,690 கோடியாக இறங்கியது. வரியையும் குறைத்து, கடனையும் அடைப்பது எவ்வளவு அரிது என்பது அரசாங்கக் கணக்கைக் கொஞ்சமாவது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த அதிபர் 1924 கோடையிலேயே உள்ளுக்குள் உடைந்துவிட்டார். ஜூன் கடைசியில் இளைய மகன் கால்வின், காலுறை போடாமல் ஷூ மாட்டிக்கொண்டு வெள்ளை மாளிகை மைதானத்தில் டென்னிஸ் ஆடினான். கால்விரலில் ஒரு கொப்புளம். அதில் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறியது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்படவே இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்த காலம். பையனுக்குப் பிராணிகள் என்றால் பிரியம் என்று, நாட்டின் அதிபர் தோட்டத்தில் ஒரு முயலைத் துரத்திப் பிடித்து, படுக்கைக்கு எடுத்துப்போய்க் காட்டினார். ஜூலை 7-ஆம் தேதி பையன் இறந்தான். 16 வயது. பிளிமத்திலிருந்து ஒரு சிறு மரக்கன்றைக் கொண்டுவந்து டென்னிஸ் மைதானத்தின் ஓரத்தில் நட்டார் கிரேஸ். அந்த நவம்பரில் கூலிட்ஜ் பெருவெற்றி பெற்றார். அதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய சிக்கனத்தை நான் மதிக்கிறேன். 1927 மிசிசிப்பி வெள்ளத்தை நினைக்கும்போது அந்த மதிப்பு தடுமாறுகிறது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். நிவாரண முகாம்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குத்தகை நிலத்தில் உழைத்த கறுப்பின ஏழைகள். ஆளுநர்கள் வருந்தி அழைத்தும் அவர் போகவில்லை. அமைச்சர் ஹூவரை அனுப்பினார். ரேடியோவில் ஒரு வேண்டுகோள் விடக்கூட மறுத்தார். அந்த நவம்பரில் சொந்த மாநிலமான வெர்மான்டில் வெள்ளம் 84 உயிர்களைக் கொண்டுபோனபோதும் அவர் உடனே ஓடவில்லை. தன் ஊர், பிறர் ஊர் என்று பார்க்காத நேர்மை அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரில் போய் நின்று ஆறுதல் சொல்ல கஜானாவில் பணம் தேவையில்லை. ஆசியர்களுக்குக் கதவை அடைத்த 1924 குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான். அதே ஆண்டு அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை தந்த சட்டத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது.

அவர் பதவி விட்ட ஏழே மாதத்தில் பங்குச்சந்தை சரிந்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கும் மோகம் அவர் காலத்தில்தான் ஏறியது. அந்தக் கடன்கள் அளவு மீறவில்லை என்று 1928 ஜனவரியில் அவரே சொல்லியிருந்தார். தரகர்கள் சட்டைக்குள் புகுந்து பார்ப்பது மத்திய அரசின் வேலையல்ல என்பது அவர் எண்ணம். அதைத் தொடர்ந்து வந்த பெருமந்தத்தின் முழுப் பழியையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. எச்சரிக்கக்கூடிய இடத்தில் இருந்தும் எச்சரிக்காமல் விட்டதற்கு அவர் பொறுப்புதான். அரை நூற்றாண்டு கழித்து அதிபர் ரீகன் தன் அமைச்சரவை அறையில் கூலிட்ஜின் படத்தை மாட்டினார். குறைந்த வரி, சிறிய அரசு என்று பேசுகிறவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். கடனை அடைத்ததை மட்டும் ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை.

1929 மார்ச்சில் நார்தாம்ப்டனுக்குத் திரும்பி, பழைய வாடகை வீட்டிலேயே குடியேறினார். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம் இருக்கும் வீட்டில் ஒரு பாதி. முன்னாள் அதிபரைப் பார்க்கக் கார்கள் வாசலில் வந்து நின்றுகொண்டே இருந்தன. நிம்மதியாகத் திண்ணையில் உட்கார முடியவில்லை என்றுதான் மறு ஆண்டு ஊருக்குள்ளேயே தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கினார். 1933 ஜனவரி 5 அன்று மாரடைப்பில் அங்கேயே இறந்தார். 60 வயது. எல்லாவற்றையும் கிரேஸுக்கு எழுதிவைத்த உயில் ஒரே ஒரு வாக்கியம்.

பிளிமத் நாட்ச் இடுகாட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் அருகில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். கல்லில் பெயரும் தேதிகளும் இருக்கின்றன. மேலே அதிபர் முத்திரை, சிறியதாக.