காதில் ஆடும் மிட்டாய்

கடையில் வாங்கிய மிட்டாயைக் கெடாதபடி பதப்படுத்தி, அதையே கல்லாக வைத்துத் தோடு, டாலர், மோதிரம் செய்வது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீட்டுக் கைவேலைக்காரர்களிடம் பரவியிருக்கும் ஒரு பொழுதுபோக்கு. மிட்டாய் போலத் தோன்றும் பிளாஸ்டிக் இதில் சேராது. உள்ளே இருப்பது அசல் மிட்டாயாக இருக்க வேண்டும். அதில்தான் இதன் வேடிக்கையும் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது.

அணிந்துகொண்டே தின்னும் நகை வேறு வகை. அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த ‘ரிங் பாப்’ விரலில் மாட்டிக்கொண்டு சப்பும் மோதிரம். தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் கழி உச்சியில் பொம்மையோடு வரும் ஜவ்வு மிட்டாய்க்காரர், குழந்தையின் மணிக்கட்டில் வாட்சும் விரலில் மோதிரமும் பின்னிவிடுவாரே, அதுவும் இந்த வகைதான். அவை அரைமணி நேரம் இருந்தால் போதும். பதப்படுத்திய மிட்டாய் நகையோ ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும். வாயில் வைக்கவே கூடாது.

மிட்டாயை நீண்ட நாள் காப்பதற்கு முதலில் அது எதனால் கெடுகிறது என்று தெரிய வேண்டும். சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சினால் அதிலுள்ள ஈரம் சுமார் 2, 3 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. பிறகு சட்டென்று ஆறும்போது சர்க்கரை மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசமில்லாமல் நின்ற நிலையிலேயே உறைந்துபோகின்றன. கடின மிட்டாய் பளபளவென்று ஊடுருவித் தெரிவது இதனால்தான். அமைப்பில் அது ஒரு கண்ணாடி. ஆனால் ஜன்னல் கண்ணாடியைப் போலன்றி இது காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தாண்டினாலே உறிஞ்சத் தொடங்கிவிடும். மேற்பரப்பு முதலில் பிசுபிசுக்கும். அந்த ஈரத்தில் நகர இடம் கிடைத்த மூலக்கூறுகள் மெல்லப் படிகமாகும். பளபளப்பு போய் மிட்டாய் வெளுத்து மங்கும். ஈரப்பதம் 70 சதவீதத்தைச் சுற்றி நிற்கும் சென்னை போன்ற கடற்கரை ஊரில், காகிதம் பிரித்த ஆரஞ்சு மிட்டாய் ஓரிரு நாளில் தட்டோடு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

கற்கண்டின் கதை நேர்மாறு. அதில் மூலக்கூறுகள் ஏற்கெனவே அடுக்காக அமைந்துவிட்டதால் ஈரம் நுழைய எளிதில் இடம் கிடைப்பதில்லை. தூய சர்க்கரைப் படிகம் காற்றில் கசிந்து கரைய வேண்டுமானால் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தை எட்ட வேண்டும். பளிங்குக் கல் போன்ற முகங்களும் கூர்மையான விளிம்புகளும் உள்ள டைமண்ட் கற்கண்டு நகைக்கென்றே செய்தது போலிருக்கும். மேலைநாட்டுச் செய்முறைகள் பெரும்பாலும் வண்ண மிட்டாய்களையே நாடுகின்றன. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்குக் கற்கண்டைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது.

மற்ற மிட்டாய்களில் தேர்வு கவனமாக நடக்க வேண்டும். 1912இல் கிளாரன்ஸ் கிரேன் கிளீவ்லாந்தில் உருவாக்கிய ‘லைஃப் சேவர்ஸ்’ நடுவில் ஓட்டையோடு வருவதால் துளையிடும் வேலை மிச்சம். 1954 முதல் விற்பனையாகும் பிரிட்டனின் ‘லவ் ஹார்ட்ஸ்’, எழுத்துப் பொறித்த தட்டை வில்லை; மாத்திரை போலப் பொடியை அழுத்திச் செய்வதால் ஈரம் குறைவு, ஆனால் உள்ளே நுண்துளைகள் ஏராளம். சீரக மிட்டாயும் கேக் மீது தூவும் வண்ணச் சர்க்கரை மணிகளும் சிறு கிண்ணம் போன்ற உலோகச் சட்டங்களை நிரப்பப் பொருத்தமானவை. ஜெலட்டினில் செய்த கரடி மிட்டாய்களோ பார்க்க அழகு, காப்பாற்றக் கடினம்: அவற்றின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். சாக்லேட் 35 டிகிரிக்குள் உருகிவிடும். பால்கோவா, தேன் மிட்டாய் வகைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தேர்ந்த மிட்டாயின் மேலுள்ள சர்க்கரைத் தூளை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் சில நாள் மூடி வைக்க வேண்டும். ஜெலட்டின் மிட்டாய்க்கு இது வாரக்கணக்கில் இழுக்கும். அதற்குள் அது சற்றுச் சுருங்கியும் போகும். அடுத்தது மேற்பூச்சு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வெள்ளைப் பசை, தண்ணீரில் கலந்த வார்னிஷ் ஆகியவற்றில் இருப்பது நீர். தடவிய உடனே சாயம் கரைந்து வழியும். சர்க்கரை நீரில் கரையுமே தவிர டர்பன்டைன் போன்ற கரைப்பான்களில் கரையாது. ஆகவே எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் வார்னிஷோ அக்ரிலிக் ஸ்ப்ரேயோதான் சரி. மெல்லிய பூச்சு ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று மூன்று, நான்கு முறை, முன்னும் பின்னும் ஓரங்களிலும் பூச வேண்டும். தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் அவலரக்கும் அடிப்பூச்சுக்கு ஆகும். மிட்டாய்களுக்குப் பளபளப்பு ஏற்ற ஆலைகளே அரக்கைத்தான் பூசுகின்றன. ஆனால் ஈரம் பட்டால் அரக்கு வெளுக்கும் என்பதால் அதைக் கடைசிப் பூச்சாக விட முடியாது. பூச்சில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் எறும்பு அதைக் கண்டுபிடித்துவிடும். எறும்பைவிடக் கறாரான பரிசோதகர் இல்லை.

உறுதியான பாதுகாப்பு ரெசினில் இருக்கிறது. எபாக்ஸி ரெசின் இரண்டு புட்டிகளாக வரும். ஒன்றில் ரெசின், மற்றதில் அதை இறுக்கும் ஹார்டனர். சில வகைகளைச் சரிபாதியாகவும் சிலவற்றை இரண்டுக்கு ஒன்றாகவும் கலக்க வேண்டும்; புட்டியில் அச்சிட்ட விகிதம் பிசகினால் எத்தனை நாள் வைத்தாலும் அது பிசினாகவே நிற்கும். சில நிமிடங்கள் மெதுவாகக் கலக்கி, சிலிக்கான் அச்சிலோ உலோகச் சட்டத்திலோ முதலில் ஒரு மெல்லிய அடுக்கு ஊற்றி, அது கெட்டியாகத் தொடங்கும்போது மிட்டாயை வைத்து, மேலே இன்னொரு அடுக்கு ஊற்றுவார்கள். ஒரே மூச்சில் தடிமனாக ஊற்றினால் ஆபத்து: ரெசின் இறுகும் வினை வெப்பத்தை வெளிவிடும், அந்தச் சூட்டில் கடின மிட்டாய் இளகி உருக்குலையும். பொடியை அழுத்திச் செய்த வில்லைகளை மேற்பூச்சில்லாமல் இட்டால் நுண்துளைகளிலிருந்து காற்று குமிழாக வந்துகொண்டே இருக்கும். வில்லையும் ரெசினைக் குடித்து, எண்ணெய் பட்ட காகிதம் போல நிறம் மாறும். ரெசின் கெட்டியாக ஒரு நாள் ஆகும், முழு வலுப் பெற மேலும் சில நாள். மழைக்காலத்தில் காற்றின் ஈரமே அதன் மேல் மங்கலான படலத்தை உண்டாக்கும் என்பதால் வறண்ட நாளைத் தேர்ந்துகொள்வது நல்லது.

புற ஊதா விளக்கில் சில நிமிடங்களில் இறுகும் ரெசினும் உண்டு. ஒளி ஊடுருவும் கற்கண்டுக்கு அது போதும். ஒளிபுகாத மிட்டாயின் நிழலில் விழும் பகுதி இறுகாமல் தங்கிவிடும். இறுகாத ரெசின் எந்த வகையானாலும் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் விலகுவதில்லை. நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

கொக்கியும் வளையமும் மாட்ட மிட்டாயைத் துளையிடுவது வீண்வேலை. கண்ணாடித் தன்மை கொண்ட பொருள் விரிசல் விடும், துளை வழியே ஈரமும் நுழையும். இறுகிய ரெசினின் ஓரத்தில் மெல்லிய துரப்பணத்தால் துளையிட்டுச் சிறு திருகுக் கொக்கியைப் பசையோடு இறக்கலாம். தோட்டுக்குப் பின்புறம் தட்டையான முள்ளை ஒட்டலாம். ஓரங்களை 400ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 2000 வரை நீர் தொட்டுத் தேய்த்தால் மெருகு வரும். தேய்க்கும்போது மிட்டாய் வெளியே தெரிந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் வெயில் தன் வேலையைக் காட்டும். உணவுச் சாயங்கள் ஒளியில் வெளுக்கும், எபாக்ஸி மெல்ல மஞ்சளாகும். நிறம் மாறாமல் நீடிக்க வேண்டுமென்றால், மிட்டாயை இரண்டு பாகச் சிலிக்கானில் அச்செடுத்து, நிறமி கலந்த ரெசினால் நகல் வார்ப்பதே வழி. அச்செடுக்கப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆல்ஜினேட் தண்ணீரில் கரைத்தது என்பதால் அது மட்டும் ஆகாது. நகலுக்கு ‘அசல் மிட்டாய்’ என்ற பெருமை இல்லை; ஆனால் ஒரே அச்சில் ஜோடி ஜோடியாக வார்க்கலாம்.

செய்து முடித்த நகையைக் குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும். வாசனைத் திரவியமும் வெயிலில் நிற்கும் காரின் சூடும் அதற்கு ஆகாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில், மூடி உள்ள பெட்டியில் வைக்க வேண்டும். குழந்தையின் கண்ணுக்கு அது மிட்டாயேதான். வாயில் போனால் தொண்டையில் சிக்கும்.