பூனையும் பாயசமும்

பச்சைக் கோழி இறைச்சியை உண்டு வளரும் பூனைகூடச் சில வேளைகளில் நெய்த்தோசையையும் தயிர்ச்சோற்றையும் நாடி வரும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் பூனை வளர்ப்போர் இதைக் கண்டு வியப்பதுண்டு. பாயசக் கிண்ணத்தை நக்கும் பூனைக்கு இனிப்பென்றால் ஆசை எனப் பலரும் எண்ணிவிடுகின்றனர்.

உண்மையில், பூனையின் நாக்கு இனிப்பை அறியாது. இனிப்புச் சுவையை உணர உதவும் மரபணுக்களுள் ஒன்று பூனையின் உடலில் செயலிழந்து கிடக்கிறது. அமெரிக்காவின் மோனல் ஆய்வு மைய அறிவியலாளர்கள் 2005ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். புலிக்கும் இதே நிலைதான்! அப்படியானால், பாயசத்தில் பூனையை ஈர்ப்பது எது? பாலிலும் நெய்யிலும் உள்ள கொழுப்பும் புரதமும் அவற்றின் மணமுமே.

தயிரைச் சிறிதளவு நக்குவதால் பெரும்பாலான பூனைகளுக்குக் கேடில்லை. கறிக்குழம்பு அப்படியன்று. அதில் கரைந்துள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நச்சுத்தன்மை நீங்குவதில்லை. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய இறைச்சித் துண்டும் பாதுகாப்பானதன்று. சாறு அதனுள் ஊறியிருக்கும். பாதிப்பும் உடனே வெளிப்படாது. சில நாள் கழித்தே ஈறுகள் வெளுத்து, பூனை உண்ணாமல் சோர்ந்து படுக்கும். அந்நிலையில் கால்நடை மருத்துவரிடம் விரைந்து கொண்டு செல்ல வேண்டும்.