பொம்மையிடம் பயிலும் உயிர்க்காப்பு

பிறக்கும் குழந்தைகள் 100-இல் சுமார் 10 குழந்தைகளுக்கு, மூச்சு விடத் தொடங்கச் சிறிது உதவி வேண்டியிருக்கிறது. அவ்வுதவி முதல் நிமிடத்திற்குள் கிட்ட வேண்டும். ஈரத்தைத் துடைத்தல், முதுகைத் தேய்த்தல், அப்பொழுதும் மூச்சு வராவிடில் முகமூடி பொருத்திய பையினால் காற்றைச் செலுத்துதல் ஆகியவற்றைப் புத்தகம் படித்து மட்டும் கற்க இயலாது. ஆபத்திலுள்ள குழந்தையிடம் முதன்முதலாகக் கைபழகுவதும் தகாது. ஆகவே, பச்சிளங் குழந்தை போன்ற பொம்மையைக் கொண்டு மருத்துவப் பணியாளர்கள் பயில்கின்றனர்.

ஒருநாள் பயிற்சி போதுமா? டான்சானியா நாட்டில், ஹைடம் என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் 2010-இல் அவ்வாறே பயிற்சி அளித்தனர். பொம்மையிடம் கை தேறிற்று. பிரசவ அறையிலோ மாறுதல் காணப்படவில்லை. 2011 முதல் வாரந்தோறும் சில நிமிடங்கள் பணியிடத்திலேயே பழகலாயினர். அதன்பின், பிறந்த 24 மணி நேரத்திற்குள் இறக்கும் சிசுக்களின் தொகை ஆயிரத்துக்குச் சுமார் 11-லிருந்து 7 ஆகக் குறைந்தது.

நாம் அறிய வேண்டிய பாடம் இதுவே. ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பார்வையிடும் பஞ்சாயத்து உறுப்பினர்கள், பயிற்சிப் பொம்மை இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அது எத்தனை நாளுக்கொருமுறை அலமாரியை விட்டு வெளிவருகிறது என்றும் கேட்டறிதல் நலம்.